நாற்பத்தெட்டு கிலோமீட்டர் குறைவு

என் சகலைமேல் எனக்குப் பொறாமை என்று என் மனைவி வீட்டார் சொல்லித் திரிவதை நீங்கள் நம்ப வேண்டாம். பொறாமை என்றால் அதற்கு ஓர் அளவு இருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் அளவு பார்த்தே சோறு தின்றவன் நான். எனக்கு இருந்தது அளவுக்குள் அடங்குகிற சாமான் இல்லை.

எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைக்குக் கடை போய்த் தராசைச் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன். தப்பாக இருந்தால் கம்பியைக் கோத்து, ஈயக்குண்டு வைத்து, குறட்டால் நசுக்கிப் பூட்டிவிடுவேன். அப்புறம் அதை யாரும் தொடக்கூடாது. கடைக்காரர்கள் என்னை ‘ஈயக்குண்டு’ என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை நான் தெருமுனையில் திரும்பியபோதே பதினோரு கடைத் தராசுகள் தாமாகச் சரியாகிக்கொண்டன. பன்னிரண்டாவது தராசு முன்பே சரியாகத்தான் இருந்தது. பயத்தில் தப்பாகிவிட்டது.

என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர்தான் சகலை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். வண்டி ஆறு மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று ஜனங்கள் கேட்பார்களாம். ஒரு நாள் பச்சை விழுந்த பிறகும் ஒரு வண்டி அவர் குரலைக் கேட்டுக்கொண்டு கிளம்பாமலே நின்றதாம். இதை அவரே என்னிடம் சொன்னார். நான் நம்பவில்லை. அந்த வண்டியை ஓட்டியவரைத் தேடிப் பிடித்து விசாரித்தேன். உண்மைதான்.

ஓய்வு பெற்றதும் எல்லோருக்கும் வருகிற வயிறு அவருக்கும் வந்தது. அதுவரை எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இல்லை. பிறகு ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி வீட்டு பால்கனிப் பக்கமாகப் போட்டார். ஒரே வருஷம். வயிறு போன இடம் தெரியவில்லை. பெரிய கடைகளில் ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு அவருக்கு இப்போது திறப்பதில்லை. அவர் வந்து நிற்பது அதற்குத் தெரியவில்லை. யாராவது சதையுள்ளவர்கள் வரும்வரை வாசலில் காத்திருக்கிறார். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்.

இது வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு வலது முட்டி வலி. ரெண்டு வருஷமாக மாடி ஏறவில்லை. எங்கள் மகள் இருப்பது நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது, ஐம்பத்து நாலு படி. பேத்தி பிறந்து எட்டு மாசம். என் மனைவி குழந்தையைப் பார்த்ததெல்லாம் போனில்தான். முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “மூணு மாசம், தெனமும் சைக்கிள் மிதிங்க. விட்டு விட்டு மிதிச்சா புண்ணியமில்ல. தொடைச் சதை பலமானா முட்டி படியேறும். இல்லைன்னா ஆபரேஷன்தான் பாக்கணும்.”

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு என் மனைவி செருப்பை மாட்டினாள்.

“எங்க?”

“அத்தான் வீட்டுக்கு. அங்கதான் சைக்கிள் இருக்கே.”

அக்கா வீடு ரெண்டு தெரு தள்ளி. நொண்டிக்கொண்டே போனாள். எட்டரைக்குத் திரும்பி வந்தபோது முகம், விளக்கைத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அத்தான் சீட்டு உயரத்தைச் சரிபண்ணிக் கொடுத்தார். அத்தான் இறுக்கத்தை ரெண்டாம் நம்பரில் வைக்கச் சொன்னார். அத்தான் பெடலில் கால் நழுவாமல் வாரைக் கட்டிவிட அக்காவைக் கூப்பிட்டார். என்னிடம் ஒரு சின்ன டப்பா உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வோர் எண்ணாக ஏறும், வேலையில் மூட்டைகளை எண்ண வைத்திருந்தது. சட்டைப்பைக்குள் கையை விட்டு எண்ணினேன். காபி குடித்து முடிப்பதற்குள் பதினேழு ‘அத்தான்’. ‘என்னங்க’ ஒன்று. அதுவும், “என்னங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்பதற்கு.

என் பெண்டாட்டியின் முட்டி இன்னொருத்தர் வீட்டில் குணமாவதா? அன்றைக்கே கடைக்குக் கிளம்பினேன். பையில் பித்தளை எடைக்கற்கள், டேப், குறடு, டப்பா.

உடற்பயிற்சிச் சாமான் மட்டுமே விற்கிற கடை. அங்கே இருந்த விற்பனைக்காரருக்குத் தோள் அப்படியொரு தோள். போன் வந்தால் கை காதுக்கு எட்டாது. தூரத்தில் வைத்துக் கத்தித்தான் பேசுவார்.

“யாருக்கு சார்?”

“வீட்டுக்காரிக்கு. முட்டி வலி.”

“அம்மா வரலையா?”

“வேற ஒரு எடத்துல மிதிச்சிட்டு இருக்காங்க.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நல்லதனமாகவே எடுத்துச் சொன்னார். “முட்டின்னா ஓடுற மெஷின் வேணாம் சார், அதிரும். சாஞ்சு உக்காந்து மிதிக்கிற சைக்கிள் எடுங்க. காலைத் தூக்கிப் போட்டு ஏறுற மாதிரி நடுவுல தண்டு இருக்கக் கூடாது. சீட்டு முன்னபின்ன நகரணும். காலை நீட்டினா முட்டி லேசா மடங்கியிருக்கணும், முழுசா நீளக் கூடாது. அப்புறம் சத்தம். சத்தம் போட்டா ஒரு வாரத்துல துணி காயப்போடுற கம்பியாயிடும்.”

“எல்லாம் சரி. கிலோமீட்டர் சரியாக் காட்டுமா?”

“எந்தக் கிலோமீட்டர் சார்? இது எங்கயும் போகாதே.”

தொழில் தெரியாத ஆள் என்று முடிவு செய்து, சோதனையை நானே ஆரம்பித்தேன். ஐந்து கிலோ என்று எழுதியிருந்த டம்பெல் நாலு கிலோ எண்ணூற்று அறுபது கிராம். அதை ஜோடியாக விற்கிறார்கள். இன்னொன்றும் அதே திருட்டு. ஓடுகிற மெஷினில் இருபது கிலோ கல்லை வைத்து, மணிக்கு ஆறு கிலோமீட்டரில் முடுக்கினேன். கல் பின்பக்கமாக இறங்கி, தரையில் வழுக்கிக்கொண்டு போய், சுவர்க் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று, தன்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டது. நல்ல பித்தளை. வேறு கல்லாக இருந்தால் உடைத்திருக்கும்.

ஒரு சைக்கிளும் தேறவில்லை. ஒன்று நூறு சுற்றுக்கு நூற்றிரண்டு என்றது. ஒன்று நான் மிதிக்காமல் நின்ற பிறகும் மரியாதைக்காக இன்னும் நாலு எண்ணியது. வெறுங்கையோடு போகக்கூடாது என்று நீளமான ரப்பர் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டேன். காலில் மாட்டி இழுக்கிற பட்டை. உறைமேல் ‘பத்து கிலோ இழுவை’ என்று போட்டிருந்தது.

வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஏழு கிலோவுக்கே முழுசாக நீண்டுவிட்டது. எழுதி வைக்கலாம் என்று திரும்பினேன், கல் நழுவியது. பட்டை ஜன்னல் வழியாகப் பறந்து, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டை ஒன்றைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பொத்தான் ஒன்றுகூடப் போகவில்லை. மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

“இது தேறாது” என்றேன் மனைவியிடம்.

“நல்லாத்தானே இருக்கு?”

“பத்துன்னு போட்டு ஏழு குடுக்கிறான்.”

“என் காலுக்கு ஏழு போதும்ங்க.”

“அது பேச்சில்ல.”

அவள் பட்டையைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் ஆறே முக்காலுக்குச் செருப்பை மாட்டினாள். நான் அடுத்து நின்ற இடத்திலேயே படி ஏறுகிற மெஷின் ஒன்று வாங்கினேன்; ஒவ்வொரு மிதிக்கும் எலிக்குஞ்சு மாதிரி கத்தியது. திருப்பிக் கொடுத்தேன். கையால் சுற்றுகிறது ஒன்று, வயிற்றால் உருட்டுகிறது ஒன்று. ஒன்றரை மாசத்தில் எங்கள் ஊர்க் கடைகளில் என்னைக் கண்டால் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார்கள். என் மனைவி ஒருநாள்கூடத் தவறாமல் அத்தான் வீட்டுக்குப் போய்வந்தாள். நடையில் நொண்டல் குறைந்திருந்தது. எனக்கு அது கூடியது மாதிரி இருந்தது.

கடைசியில், எதிரியின் தராசையே போய்ப் பார்த்துவிடுவது என்று ஒருநாள் அவளோடு கூடவே கிளம்பினேன். அவளுக்கு வாயெல்லாம் பல்.

“அக்கா, இன்னிக்கு இவரும் வந்திருக்கார் பாரு.”

“வாங்க மாப்பிள்ள. அதிசயமா இருக்கு” என்றாள் அக்கா.

“வாங்க சகலை” என்றார் சகலை. அந்தக் குரலில்.

பால்கனிக் கதவோரம் சைக்கிள். எதிரே சுவரில், அவர் வேலை பார்த்த காலத்து ரயில் பாதை வரைபடம். அதில் சிவப்புத் தலைக் குண்டூசி ஒன்று குத்தியிருந்தது. எங்கள் ஊரில் கிளம்பி, மகள் ஊர் போகிற பாதையில் பாதிக்கு மேல் போயிருந்தது. சைக்கிள் காட்டுகிற கிலோமீட்டரைத் தினமும் கூட்டி, ஊசியை நகர்த்துவார்களாம். நானூற்றுப் பன்னிரண்டு வந்தால் அவள் மகள் ஊர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. அன்றைக்கே நிஜ வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிடுவது என்று அக்காவும் தங்கையும் பேசி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு மனைவியிடம் கேட்டேன். “நீங்க டேப்போட வந்து நிப்பீங்க” என்றாள்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சகலை ஒரு பேப்பரைக் குழலாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மகள் வீடு செல்லும் முட்டி விரைவு வண்டி, ஆற்றுப்பாலத்தைக் கடந்து, செங்கல்சூளை நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. பயணிகள் ஜன்னல் வழியே கையை நீட்ட வேண்டாம்.”

“நான் நீட்டல அத்தான்” என்று சொல்லி அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை நான் மழையில் வழுக்கிச் சாக்கடைக்குள் உட்கார்ந்தபோது அப்படிச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. எங்கே போயிற்று என்று தேடவும் இல்லை. ரெண்டு தெரு தள்ளி வைத்திருந்திருக்கிறாள்.

 நாற்காலியை இழுத்துப் பெடல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பெடலில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். டப்பாவைக் கையில் எடுத்தேன். சைக்கிளோடு வந்த சின்னப் புத்தகத்தில், ஒரு முழுச் சுற்று நாலு மீட்டர் என்று அச்சடித்திருந்தது. அப்படியானால் ஐந்நூறு சுற்று ரெண்டு கிலோமீட்டர். நான் பக்கத்தில் இருக்கிற சந்தோஷத்தில் அவள் அன்றைக்கு நன்றாக மிதித்தாள். “பார்த்தீங்களா, வலியே தெரியல” என்றாள். நான் நானூற்று ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்நூறு வந்தது. மெஷின் ரெண்டரை என்று காட்டியது.

“நிறுத்து” என்றேன்.

“என்னங்க?”

“நாலுக்கு அஞ்சு காட்டுது. இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?”

“இருநூத்தி நாப்பது” என்றார் சகலை.

“நூத்தித் தொண்ணூத்திரண்டுதான். நாப்பத்தெட்டு கிலோமீட்டர் குறையுது.”

 நான் எழுந்துபோய், குண்டூசியைப் பிடுங்கி, அளவுகோல் வைத்து அளந்து, சரியான இடத்தில் குத்தினேன். ஊசி செங்கல்சூளையிலிருந்து ஆற்றைத் தாண்டி, பின்னால் ஒரு பொட்டல்வெளிக்கு வந்து நின்றது. பழைய இடத்தில் ஓட்டை அப்படியே தெரிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். முப்பத்தாறு வருஷக் கை அது; என்னைக் கேட்டா செய்கிறது? பையிலிருந்து கம்பியை எடுத்துப் பெடலையும் தண்டையும் சேர்த்துக் கோத்து, ஈயக்குண்டு வைத்து, குறட்டால் நசுக்கிவிட்டது.

சகலை சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குச் சில பதில்களும் வைத்திருந்தேன். அவர் பேப்பர் குழலைப் பிரித்து மடித்துவிட்டு, “சகலை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். இதைவிட ஒரு மனுஷனை எப்படி அவமானப்படுத்த முடியும்?

என் மனைவி மெதுவாக இறங்கினாள். செருப்பை மாட்டினாள். முன்னால் நடந்தாள். எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது சொன்னாள்.

“நாப்பத்தெட்டு கிலோமீட்டர் திரும்பிப் போறதுக்கு எனக்குக் கால் இல்லைங்க.”

மறுநாள் ஆறே முக்கால் ஆயிற்று. செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மறுநாளும். வீட்டில் ‘அத்தான்’ ஒன்றுகூடக் கேட்கவில்லை. நான் ஆசைப்பட்டது அதுதான். டப்பாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மகள் போன் பண்ணினாள். “அம்மா, எங்க வந்திருக்கே இப்போ?”

“ஆத்துக்கு இந்தப் பக்கம் எறக்கி விட்டுட்டாங்க.”

“யாரு?”

“டிக்கெட் பரிசோதகர்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அன்று மத்தியானம் அவளிடம் பணிவாகவே கேட்டேன். “சரியா எண்ணுற மெஷினா ஒண்ணு பாக்கறேன். அடுத்த ஊர்க் கடைக்குப் போறேன்.”

“வேண்டாம்.”

“அப்ப முட்டி?”

“முட்டி என்னோடது. நீங்க அளவை மட்டும் பாருங்க.”

மெஷினின் எண்ணைப் பொய் என்று நிரூபித்துவிட்டு, அதையே உண்மை என்று இனிமேல் என்னால் சொல்ல முடியாது. குறைவு குறைவுதான். ஆனால் எடை குறைந்தால் என்ன செய்யச் சொல்வோம்? குறைந்ததைப் போட்டு நிறை என்போம். முப்பத்தாறு வருஷம் கடைக்காரர்களுக்குச் சொன்னது இது. மறுநாள் காலை, நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ரெண்டு தெரு தள்ளிப் போய்ச் சகலை வீட்டு மணியை அடித்தேன்.

“என்ன சகலை?”

“பூட்டை எடுக்க வந்தேன்.”

குறட்டால் என் ஈயக்குண்டை நானே வெட்டினேன். வேலையில் இருந்த காலத்தில் செய்யாத காரியம். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டு கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டாயிரம் சுற்று. நாளைக்கு ஆயிரமாகப் பன்னிரண்டு நாள்.

“நீங்களா? எழுபத்தொண்ணு ஆகுதே உங்களுக்கு” என்றார் சகலை.

“எழுபத்திரண்டு. சரியாச் சொல்லுங்க.”

முதல் நாள் முந்நூறாவது சுற்றில் என் முட்டிகளிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா அடுப்படியிலிருந்து, “யாரோ கதவைத் தட்டுறாங்க பாருங்க” என்றாள். சகலை போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். ஆறு தடவை போனார். மூன்றாம் நாள் என் மூச்சில் பால்கனிச் செடிகள் எல்லாம் தெருப்பக்கமாகச் சாய்ந்தன; இன்றைக்கும் அவை அப்படித்தான் வளர்கின்றன. ஐந்தாம் நாள் எனக்கு வழிந்த வேர்வையைத் துடைத்துப் பிழிந்து அளந்தோம். எவ்வளவு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

சகலை முதல் நாளே பேப்பரைச் சுருட்டினார். “அதெல்லாம் வேண்டாம்” என்றேன். மடித்து வைத்துவிட்டார். ரெண்டாம் நாளும் வேண்டாம் என்றேன். நாலாம் நாள், எழுநூற்றுச் சொச்சம் சுற்றில், கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. எவ்வளவு மிதித்தாலும் அதே சுவர்.

“சகலை” என்றேன்.

“சொல்லுங்க.”

“இப்ப எந்த ஸ்டேஷன்?”

அவர் ஒரு வார்த்தையும் கிண்டல் பண்ணவில்லை. பேப்பரை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றார். ஐயா, அந்தக் குரலை ஒத்துக்கொண்டுதான் தீரவேண்டியிருந்தது. மிச்சம் இருந்த சுற்றெல்லாம் இறக்கத்தில் போகிற மாதிரி போயிற்று. இறங்கினபோது எனக்கு அவர்மேல் முன்பைவிட ரெண்டு மடங்கு எரிந்தது. இதைத்தானே தினமும் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். நான் நாற்பத்திமூன்று வருஷத்தில் அவளுக்குச் சொன்னதெல்லாம் எத்தனை கிராம் குறைகிறது என்பதுதான்.

ஏழாம் நாள் அக்கா எனக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“பாத்தீங்களா?” என்றாள் தன் வீட்டுக்காரரிடம்.

“என்னத்தை?”

“பொண்டாட்டிக்காக ஒரு மனுஷன் எப்படி மிதிக்கிறார்னு.”

“நானும்தான் தெனம் மிதிச்சேன்.”

“உங்க தொப்பைக்கு மிதிச்சீங்க. எனக்காக என்னிக்காவது ஒரு சுத்து சுத்தியிருக்கீங்களா? வாயைத்தான் சுத்தியிருக்கீங்க.”

சகலை பேப்பரைச் சுருட்டினார். அடுத்த நிலையத்தை அறிவித்தபோது குரல் நடுவில் ஓரிடத்தில் பிசிறடித்தது. முப்பது வருஷமாக ஒரு பிசிறும் இல்லாத குரல். நான் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். வெந்நீர் நன்றாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள். தொள்ளாயிரத்து ஐம்பது சுற்று முடிந்திருந்தது. வாசலில் செருப்புச் சத்தம். என் மனைவி வந்து நின்றாள். நான் சட்டையில்லாமல், நாக்கு வெளியே தொங்க, சைக்கிள்மேல் இருந்தேன்.

“நூலகம் தெறந்திருக்கா?” என்றாள்.

“ஆத்தைத் தாண்டிட்டேன். பேசாதே. எண்ணிக்கை தவறிடும்.”

“முதல் நாளே அக்கா போன்ல சொல்லிட்டா.”

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். “பதினோரு நாளா தெரிஞ்சும் ஏன் வரல?”

“பின்னாடி தள்ளினது நீங்க. நீங்களே கொண்டுவந்து விடணும்ல?”

“அப்ப முட்டி? பதினஞ்சு நாள் சும்மா இருந்தா டாக்டரம்மா…”

“யாரு சும்மா இருந்தா? நீங்க இங்க வந்ததும் நாற்காலியில உக்காந்து அந்த ரப்பர் பட்டையைக் கால்ல மாட்டி இழுத்துட்டுதான் இருந்தேன். தேறாதுன்னு சொன்னீங்களே, அது. நேத்து டாக்டரம்மா பாத்துட்டு நல்லாயிருக்குன்னாங்க.”

மிச்சம் ஐம்பது சுற்றை முடித்தேன். இறங்கிப் போய், குண்டூசியைப் பிடுங்கி, செங்கல்சூளை பக்கத்தில் இருந்த பழைய ஓட்டையிலேயே குத்தினேன். சரியாக உட்கார்ந்தது. இந்தத் தடவை ஒரு மீட்டர்கூடப் பொய்யில்லை.

அவள் சீட்டைத் தன் உயரத்துக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள். நான் பேப்பரைச் சுருட்டி வாயில் வைத்தேன்.

“நீங்க வேண்டாம்” என்றாள். “அத்தான் சொல்லட்டும். நீங்க எண்ணுங்க.”

எண்ணினேன். வேறு என்ன செய்வது? நாற்பத்திமூன்று நாள், நாளைக்கு ஆயிரம், பெடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். சகலை நிலையங்களைச் சொன்னார். அவள் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் இறங்கும்போது என் பக்கம் திரும்பி, “சரியா இருக்கா?” என்று கேட்டாள். “சரியா இருக்கு” என்றேன். அதற்கு அவள் முகத்தில் ஒன்று வரும். அது சகலைக்குக் கிடைக்காது. அவர் வேண்டுமென்றே வரைபடத்தைப் பார்ப்பார்.

நானூற்றுப் பன்னிரண்டு முடிந்த அன்று டிக்கெட் எடுத்தோம். மகள் வீட்டுப் படி ஐம்பத்து நாலையும் அவள் ஏறினாள். இருபத்தெட்டாவது படியில் ஒரு தரம் நின்றாள், அவ்வளவுதான். நான் நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன்; என் முட்டி போய்விட்டது. மேலே கதவு திறக்கிற சத்தமும், ஒரு குழந்தை கத்துகிற சத்தமும், “அப்பா எங்கம்மா?” என்று மகள் கேட்பதும் கேட்டது.

“வருவார். எனக்காக நாப்பத்தெட்டு கிலோமீட்டர் மிதிச்ச கால். மெதுவாத்தான் வருவார்.”

மாடியில் இருந்த எல்லாக் குடித்தனத்துக்கும் கேட்கும்படி சொன்னாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், அவள் திரும்பச் சொல்கிறாளா என்று. சொன்னாள். ரெண்டு தடவை.

ஊர் திரும்பின மறுநாள் சகலை வீட்டுக்கு வந்தார். இளைத்த மனுஷன் இன்னும் இளைத்திருந்தார்.

“உங்களால எனக்கு வந்த வினை” என்றார். “தங்கச்சிக்கு நாப்பத்தெட்டுன்னா மூத்தவளுக்குக் குறைஞ்சது நூறு வேணும்னு உக்காந்துட்டா. பழைய மெஷின்ல மிதிச்சா செல்லாதாம். புதுசா ஒண்ணு வாங்கியிருக்கேன். அதுவும் நீங்க வந்து பாத்து முத்திரை போட்டாத்தான் நம்புவாளாம்.”

ஓய்வு பெற்றவன் முத்திரைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. எங்கள் ரெண்டு வீட்டில் உண்டு. பையை எடுத்துக்கொண்டு போனேன். பளபளவென்று புது சைக்கிள். சாக்கட்டியால் கோடு போட்டு, புத்தகத்தைப் பார்த்து, சகலையை மிதிக்கச் சொல்லி, ஐந்நூறு சுற்று எண்ணினேன். அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

ரெண்டு கிலோமீட்டர் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்று புள்ளி ஆறு காட்டியது. ஐந்து மிதித்தால் நாலு. அவர் நூறு கிலோமீட்டர் என்று முடிக்கும்போது நூற்றிருபத்தைந்து மிதித்திருப்பார்.

“சரியா இருக்கா சகலை?” என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார் சகலை. குரலில் பாதி காற்றாகப் போயிற்று.

முப்பத்தாறு வருஷத்தில் நான் தெரிந்தே ஒரு தப்பான அளவுக்கு முத்திரை குத்தியதில்லை. இந்தத் தடவை பெடலில் இல்லை, எண் காட்டுகிற பெட்டியில் கம்பியைக் கோத்தேன். ஈயக்குண்டு வைத்தேன். குறட்டால் நசுக்கி, அதன்மேல் முத்திரை குத்தினேன்.

“சரியா இருக்கு” என்றேன்.